பெயருக்குப் பின்னால் என்ன போடுவது?

பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை, கோயில் விழா நோட்டீஸ் என்று தமிழில் அடிக்க வேண்டியது எதுவானாலும் ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், விவேக் நகர்ப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். எழுத்துக் கோப்பதும் புரூஃப் பார்ப்பதும் என் வேலை, அச்சடிப்பது சுல்தான்பேட்டையில். இத்தனை வருடத்தில் நான் அதிகம் திருத்தியது முகூர்த்த நேரத்தையோ மண்டப முகவரியையோ கூட இல்லை, பெயருக்கு அடுத்து வரும் அந்த நாலைந்து எழுத்துகளைத்தான்.

போன தை மாதம் ஒரு பத்திரிகை. பெண்ணின் அப்பா எழுதிக் கொடுத்த தாளில் மணமகள் பெயருக்குக் கீழே 'எம்.எஸ்.' என்று இருந்தது. அப்படியே அடித்துக் கொடுத்தோம். பாதிப் பத்திரிகை வைத்து முடித்திருந்த நேரத்தில், கோலார் தங்கவயலில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தை போன் செய்திருக்கிறார். "பொண்ணு ஆபரேஷன் பண்ற டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரி? எங்க வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, ஒரு நாள் கூட்டிட்டு வரட்டுமா?" பெண் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர். "சம்பந்தி வீட்டுல நாம பொய் சொல்லிட்டோம்னு நெனச்சா என்ன பண்றதுண்ணா?" என்று பெண்ணின் அப்பா கடையில் வந்து நின்றபோது எனக்கும் மனசு கேட்கவில்லை.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ். நம் ஊர் மருத்துவக் கல்லூரியில் அதே எம்.எஸ். மாஸ்டர் ஆஃப் சர்ஜரி. சென்னை ஐஐடியில் ஆராய்ச்சி வழியில் படிக்கும் எம்.எஸ். ஒன்றும் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 'கணினி அறிவியல்' என்று ஒரு சொல் போட்டிருந்தால் அந்த அத்தை போனே செய்திருக்க மாட்டார். அன்றைக்குத்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரே சொல்லுக்குள் பல சரக்கு

குழப்பம் தமிழில் 'பட்டம்' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்ப் பரீட்சை எழுதி வாங்குவதும் பட்டம். ஆண்டு விழா மேடையில் பொன்னாடை போர்த்திக் கொடுப்பதும் பட்டம். குடும்பத்தில் வழிவழியாக வருவது பட்டப்பெயர். எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால், எல்லாவற்றையும் பெயரோடு ஒட்டலாம் என்று நினைத்துவிடுகிறோம்.

வண்டி ஓட்டுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுத் தேறியது ஒன்று. ஆர்டிஓ ஆபீசில் வாங்கிய லைசென்ஸ் இன்னொன்று. பிஎம்டிசி பஸ்ஸில் கிடைத்த டிரைவர் வேலை மூன்றாவது. டிரைவர்கள் சங்கத்தில் சந்தா கட்டி வைத்திருக்கும் உறுப்பினர் அட்டை நாலாவது. விபத்தில்லாமல் ஓட்டியதற்காக விழாவில் கொடுத்த கேடயம் ஐந்தாவது. ஐந்தும் அவருடையவைதான். ஆனால் கொடுத்தவர் வேறு வேறு, காரணம் வேறு வேறு, ஒன்று போனால் மற்றது போவதில்லை.

படிப்பிலும் இதே கதைதான். எல்எல்.பி. என்பது கற்றுத் தேறியதற்கான பட்டம். அதை முடித்தவர் எல்லோரும் அட்வகேட் ஆகிவிட மாட்டார்கள். 1961ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டப்படி ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்த பிறகுதான் அந்தப் பெயர், அது லைசென்ஸ் மாதிரி. ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்வதும் அப்படித்தான். 1972ஆம் வருடச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தவருக்குத்தான் அந்த உரிமை. பேராசிரியர் என்பது பதவி, டிரைவர் வேலை மாதிரி. ஆடிட்டர்கள் போடும் ஏ.சி.ஏ., எஃப்.சி.ஏ. இரண்டும் 1949ஆம் வருடச் சட்டத்தால் அமைந்த சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் நிறுவனத்தின் உறுப்பினர் நிலைகள், சங்க அட்டை மாதிரி. பத்மஸ்ரீ விருது, அந்தக் கேடயம் மாதிரி.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பட்டம், பதிவு, பதவி, உறுப்பினர் நிலை, விருது என்று ஐந்து சரக்கு. பெயருக்குப் பின்னால் எழுத்தாக வருவதற்கு உரியவை முக்கியமாகப் பட்டமும் உறுப்பினர் நிலையும்.

யார் கொடுத்தது?

பட்டயம் என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருப்போம். அந்தக் காலத்தில் ராஜா நிலம் கொடுத்தால் செப்புப் பட்டயத்தில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தகட்டுக்கு மதிப்பு செம்பால் வந்ததில்லை, கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் கொடுத்தார் என்பதால் வந்தது. டிகிரியும் அப்படித்தான். படிப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பட்டம் என்று பெயர் வைத்துக் கொடுக்கச் சட்டம் அனுமதித்திருக்க வேண்டும்.

1956ஆம் வருடப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகிய மூன்று வகையினர் மட்டுமே டிகிரி கொடுக்கலாம். நிகர்நிலை என்றால், பல்கலைக்கழகமாகப் பிறக்காவிட்டாலும் அதற்குச் சமமாக அரசு ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நம் ஊர் இந்திய அறிவியல் கழகம் 1909இல் தொடங்கியது, இந்தத் தகுதி அதற்கு 1958இல்தான் வந்தது.

இதற்கு நம் பெங்களூரிலேயே இன்னொரு நல்ல உதாரணம் பன்னேர்கட்டா ரோட்டில் இருக்கிறது. ஐஐஎம்மில் படித்தவர் என்றாலே எம்.பி.ஏ. என்று நாமாகப் போட்டுவிடுகிறோம். ஆனால் நெடுங்காலம் ஐஐஎம்கள் கொடுத்தது எம்.பி.ஏ. பட்டம் இல்லை, முதுநிலைப் பட்டயம், அதாவது டிப்ளமா (பி.ஜி.டி.எம்.). காரணம் படிப்பின் தரம் இல்லை. அவை சங்கங்களாகப் பதிவான நிறுவனங்கள், அதனால் 22ஆம் பிரிவின்படி டிகிரி கொடுக்க முடியவில்லை. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகுதான் எம்.பி.ஏ. கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் படித்த ஒருவரின் கார்டில் பி.ஜி.டி.எம். என்று இருந்தால், அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நாம் திருத்தக் கூடாது.

சுருக்கமாக: அந்த எழுத்துகள் நாம் நமக்கு வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை. கொடுத்த நிறுவனம் வைத்த பெயர். சான்றிதழில் என்ன இருக்கிறதோ அதுதான்.

புள்ளி எங்கே விழும்?

இது நான் தினமும் மல்லுக்கட்டும் இடம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பாதிப் பேர் 'பி.எஸ்.சி.' என்று எழுதித் தருகிறார்கள். சரியானது 'பி.எஸ்சி.' ஒரு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் புள்ளி என்பது ஒரு சொல்லை வெட்டிய இடத்தில் வைக்கும் அடையாளம். பேச்சிலர் என்ற சொல்லை வெட்டி 'பி' என்று நிறுத்துகிறோம், அங்கே ஒரு புள்ளி. அடுத்து சயின்ஸ். அந்த ஒரே சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து நிறுத்துகிறோம், அங்கே இன்னொரு புள்ளி. ஆக, சொல் இரண்டு, புள்ளி இரண்டு. ஆங்கிலத்தில் அந்த இரண்டு எழுத்தும் ஒட்டி நிற்பதால் ஒரே சொல் என்று கண்ணுக்குத் தெரிகிறது. தமிழில் எழுதும்போது 'எஸ்', 'சி' என்று தனித்தனியாக உச்சரித்து எழுதுகிறோம். உடனே கை தானாக நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றது எல்லாம் தானாக வரும். பி.காம். என்பதில் காமர்ஸ் என்ற சொல்லின் தலைப்பகுதி 'காம்', அதற்குப் பின் புள்ளி. பி.எட்., பி.டெக்., எம்.ஃபில். எல்லாம் அதே. பிஎச்.டி.யில், லத்தீன் வரிசைப்படி, முதல் சொல் ஃபிலாசஃபி. அதன் முதல் இரண்டு எழுத்துகள்தான் 'பிஎச்', ஆகவே நடுவில் புள்ளி கிடையாது. பி.எச்.டி. என்று மூன்றாக வெட்டினால் மூன்று சொல் இருப்பதாக ஆகிவிடும். பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் போடும் எம்.சிஎச். இதே வகை. லத்தீனில் அறுவை மருத்துவத்துக்கு உள்ள சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் அந்த 'சிஎச்'.

எல்எல்.பி.யில் ஏன் இரண்டு எல் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இதுவும் லத்தீன் வழக்கம். பன்மையைச் சுருக்கும்போது எழுத்தை இரட்டிப்பார்கள். சட்டம் என்றால் ஒரு எல், சட்டங்கள் என்றால் இரண்டு. சட்டங்களில் பேச்சிலர் என்பதுதான் அதன் பொருள். இரண்டு எல்லும் சேர்ந்து ஒரே சொல்லைக் குறிப்பதால் நடுவில் புள்ளி வராது.

எம்.பி.பி.எஸ். மட்டும் வேறு மாதிரி. அது ஒரு பட்டம் கிடையாது, சேர்ந்து வரும் இரண்டு. முன்பாதி எம்.பி. மருத்துவத்துக்கு, பின்பாதி பி.எஸ். அறுவை மருத்துவத்துக்கு. முன்பாதி லத்தீன் வரிசையில் பாடத்தை முதலில் வைக்கிறது, பின்பாதி ஆங்கில வரிசையில் பேச்சிலரை முதலில் வைக்கிறது. அதனால்தான் இரண்டு 'பி' நடுவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இப்போது பல பதிப்பகங்கள் புள்ளியே இல்லாமல் பிஎஸ்சி, எம்ஏ, பிஎச்டி என்று எழுதுகின்றன. அதுவும் சரியே, கண்ணுக்கும் சுத்தமாக இருக்கிறது. ஒரே பத்திரிகையில் மாப்பிள்ளைக்குப் புள்ளி வைத்து, பெண்ணுக்கு வைக்காமல் விடுவதுதான் கூடாது.

அப்புறம் அந்த வால் காற்புள்ளி. 'எம்.ஏ., பி.எட்.,' என்று கடைசியிலும் ஒரு காற்புள்ளி வைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். ஸ்கூல் அறிவிப்புப் பலகையிலிருந்து தேர்தல் நோட்டீஸ் வரை பார்க்கலாம். காற்புள்ளி என்றால் 'இன்னும் இருக்கிறது' என்று அர்த்தம். பின்னால் ஒன்றும் வராதபோது அது தேவையில்லை. நான் எடுத்துவிடுவேன். சிலர் திரும்ப வைக்கச் சொல்வார்கள்.

இனிஷியலும் டிகிரியும் முட்டும்போது

இது பெங்களூருக்கே உரிய தலைவலி. ஊரில் 'ச. முருகன்' என்று இனிஷியலை முன்னால் போடுவோம், டிகிரி பின்னால் வரும், இரண்டும் சந்திக்காது. இங்கே பள்ளியிலும் ஆபீசிலும் 'முருகன் எஸ்.' என்று பின்னால் போட்டே பலருக்குப் பதிவாகியிருக்கிறது. ரவி என்பவருக்கு எம், எஸ் என்று இரண்டு இனிஷியல். 'ரவி எம்.எஸ்.' என்று போர்டு வைத்தால் அவர் பெயரா, படிப்பா? அவரே எம்.டெக். முடித்தவராக இருந்து 'ரவி எம்.எஸ். எம்.டெக்.' என்று ஒரே ஓட்டத்தில் அடித்தால் இரண்டு முதுகலைப் பட்டம் வாங்கியவர் ஆகிவிடுவார்.

இதற்கு இரண்டு வழி. டிகிரி போடுகிற இடத்தில் மட்டும் இனிஷியலை முன்னால் கொண்டுவந்து 'எம்.எஸ். ரவி, எம்.டெக்.' என்று எழுதலாம். ஆதார் மாதிரி அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் வேண்டும் என்றால், பெயர் முடிந்ததும் ஒரு காற்புள்ளி கட்டாயம். இடம் இருந்தால் டிகிரியை அடுத்த வரியில் சின்ன எழுத்தில் இறக்கிவிடுவது இன்னும் நல்லது.

எது முதலில்?

நம் நாட்டு வழக்கம் ஏறுவரிசை. பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட்., பிஎச்.டி. என்று படித்த வரிசையில் போவோம். பட்டங்கள் முடிந்த பிறகு எஃப்.சி.ஏ. போன்ற உறுப்பினர் எழுத்துகள். இடம் குறைவாக இருந்தால், ஒரே பாடத்தில் மேல்படிப்பு இருக்கும்போது கீழ்ப்படிப்பை விட்டுவிடலாம். எம்.எஸ்சி. போட்டால் பி.எஸ்சி. அதற்குள் அடங்கும். பி.எட். அப்படி அடங்காது, அது கற்பிப்பதற்கான தனிப் படிப்பு. ஆசிரியர்கள் அதை விடக் கூடாது.

எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் நிறுத்திவிட்டது. முன்பே வாங்கியவர்கள் தாராளமாகப் போடலாம், செல்லும்.

படித்துக்கொண்டிருப்பவர்கள் 'பிஎச்.டி.' என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொல்வதுண்டு. அடைப்புக்குறியைப் பார்த்து யாருக்கும் 'இன்னும் முடியவில்லை' என்று புரியாது. 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று நம் மொழியில் அழகான சொல் இருக்கிறது, அதையே போடலாம்.

டாக்டர் என்ற சொல்

லத்தீனில் டாக்டர் என்றால் கற்பிப்பவர். ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. வாங்கியவருக்கு அந்தப் பெயர் பட்டத்திலிருந்தே வருகிறது. எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு வழக்கத்தால் வருகிறது, அவர் பட்டத்தில் இருப்பது பேச்சிலர் என்ற சொல்தான். இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை, வந்த வழி வேறு.

கன்னடத்தில் இருவருக்கும் 'டா.' என்றே போடுகிறார்கள். தமிழில் நமக்கு மருத்துவர், முனைவர் என்று இரண்டு சொல் தெளிவாக இருக்கிறது. இதைப் பயன்படுத்துங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். 'முனைவர் க. செல்வி' என்று போட்டுவிட்டால் யாரும் மூட்டு வலியோடு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள்.

முன்னால் முனைவர் போட்டால் பின்னால் பிஎச்.டி. வேண்டாம், ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னதாகும். மருத்துவருக்கு மட்டும் 'டாக்டர்' முன்னாலும் 'எம்.டி.' பின்னாலும் இருக்கலாம். அவர் எதில் நிபுணர் என்பது நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

கௌரவ டாக்டர் பட்டம் வேறு வகை. ஒருவரின் தொண்டுக்காக, பரீட்சையோ ஆய்வேடோ இல்லாமல் பல்கலைக்கழகம் மரியாதையாகக் கொடுப்பது. அம்பேத்கரிடம் இரண்டு வகையும் இருந்தன. லண்டனில் 1923இல் டி.எஸ்சி., கொலம்பியாவில் 1927இல் பிஎச்.டி. இரண்டும் ஆய்வேடு எழுதி உழைத்து வாங்கியவை. கொலம்பியா 1952இல் கொடுத்த எல்எல்.டி.யும் உஸ்மானியா 1953இல் கொடுத்த டி.லிட்.டும் கௌரவப் பட்டங்கள். கௌரவப் பட்டம் மட்டும் உள்ளவர் தம் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளாமல் இருப்பது உலகில் பல இடங்களில் உள்ள நல்ல மரபு. எழுதியே ஆக வேண்டும் என்றால் 'டி.லிட். (கௌரவம்)' என்று எழுதலாம்.

இதில் என்னை வருத்தும் ஒன்று இருக்கிறது. முப்பது வருடம் தெருவுக்குத் தண்ணீர், குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று அலைந்த ஒரு பெரியவர், சிவப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவோடு லெட்டர்பேட் அடிக்க வந்தார். ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த விழா. 'பல்கலைக்கழகம்' என்று பெயர் வைத்திருந்த ஓர் அமைப்பு, 'பதிவுக் கட்டணம்' வாங்கிக்கொண்டு அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. 22ஆம் பிரிவில் சொன்ன மூன்று வகையில் எதிலும் அது இல்லை. "ஐயா, உங்களுக்கு இது வேண்டாம், 'சமூகத் தொண்டர்' என்று போடுகிறேன்" என்று சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவருடைய உழைப்பு நிஜம். அந்தக் காகிதம் நிஜமில்லை. மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பணம் கட்டும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒரே மனிதர், எல்லா வகையும்

திருச்சியில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சி.வி. ராமனின் பெயரைச் சுற்றி இத்தனை வகையும் இருந்தன. அவர் படித்து வாங்கிய உயர்ந்த பட்டம் எம்.ஏ., 1907இல். பிஎச்.டி. செய்யவே இல்லை. அவருக்கு வந்த டாக்டர் பட்டங்கள் கௌரவப் பட்டங்கள். 1924இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானதால் பெயருக்குப் பின் எஃப்.ஆர்.எஸ். வந்தது. 1929இல் பிரிட்டிஷ் அரசு கொடுத்த 'சர்' பெயருக்கு முன் வந்தது. 1930இல் நோபல் வந்தது. அது பரிசு, அதற்கு எழுத்து கிடையாது. 1933இல் இந்திய அறிவியல் கழக இயக்குநர், அது பதவி. 1968இல் ராயல் சொசைட்டியிலிருந்து அவரே விலகினார், அதோடு எஃப்.ஆர்.எஸ். போனது. எம்.ஏ. போகவில்லை. சங்க அட்டைக்கும் கற்றுத் தேறிய பட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

1954இல் அவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது. அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு கொடுக்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகளும் பாரத ரத்னாவும் அப்படிப்பட்ட பட்டங்களா என்று வழக்கு வந்தபோது, இவை விருதுகள், பட்டங்கள் இல்லை, பெயருக்கு முன்னாலோ பின்னாலோ சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. ஆகவே விழா நோட்டீசில் 'பத்மஸ்ரீ இன்னார்' என்று அடிக்கச் சொன்னால், 'பத்மஸ்ரீ விருது பெற்றவர்' என்று பெயருக்குக் கீழே தனி வரியாகப் போடலாமா என்று கேட்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடைக்கு வரும்போது

இப்போதெல்லாம் டிகிரி போட வேண்டும் என்றால் சான்றிதழின் போட்டோவைப் போனில் காட்டச் சொல்கிறேன். பட்டமளிப்பு இன்னும் நடக்கவில்லை என்றால் தற்காலிகச் சான்றிதழ் போதும். இரண்டு நிமிட வேலை. போன வாரம் ஒருவர் மகள் பெயருக்குப் பலகை செய்ய வந்தார். நாலு வருடமாகப் 'பி.இ.' என்றே எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறார். அண்ணா பல்கலைக்கழகச் சான்றிதழை விரித்துப் பார்த்தால் அது தகவல் தொழில்நுட்பப் பிரிவு, பேச்சிலர் ஆஃப் டெக்னாலஜி. அங்கே அந்தப் பிரிவுக்கு பி.டெக்., கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பி.இ. மகளுக்கு போன் போட்டுக் கேட்டார். "ஆமாப்பா, பி.டெக்.தான், எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. 'டெக்' என்பதற்குப் பின்னால் புள்ளி வைத்து, காற்புள்ளி இல்லாமல், அன்றைக்கே பலகையைக் கொடுத்துவிட்டோம்.